பதினைந்தடிப் படகில் ஹாலிபட்: முள் மாற்றிய கதை

போன சனிக்கிழமை 118 சென்டிமீட்டர் நீளமான ஹாலிபட் ஒன்று, கடலடியில் படுத்துக் கிடக்கிற பெரிய தட்டை மீன், எங்கள் படகுக்குள் வந்து சேர்ந்தது. நிறை ஏறத்தாழ 20 கிலோ. வட நோர்வேயின் ட்ரொம்சோவில் இதை ஒரு செய்தியாக யாரும் எடுக்க மாட்டார்கள். இங்கே ஆள் உயரத்துக்கு மேல் பிடித்தால்தான் படம் எடுத்து அனுப்புவார்கள். எனக்கு மீனின் நீளத்தைவிட வேறொன்று பெரிதாகத் தெரிந்தது. இந்த முறை படகில் ஒன்றும் உடையவில்லை, ஒருவர் கையிலும் தூண்டில் முள் ஏறவில்லை, முள் சரியாக மீனின் வாய் ஓரத்தில் மாட்டியிருந்தது. அந்த நிலைக்கு வர ஒரு முழுக் கோடையும் முள்ளை மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டியிருந்தது. சின்னப் படகு வைத்திருக்கிற யாருக்காவது உதவும் என்று எழுதி வைக்கிறேன்.

படகு 15 அடி, அதாவது 4.6 மீட்டர். கண்ணாடியிழை உடல், 20 குதிரைவலு வெளியிணைப்பு எஞ்சின். நோர்வேயில் 8 மீட்டருக்கு மேற்பட்ட படகுக்கோ 25 குதிரைவலுவுக்கு மேற்பட்ட எஞ்சினுக்கோதான் ஓட்டுநர் சான்றிதழ் கேட்பார்கள் என்பதால் இதற்கு ஒன்றும் தேவையில்லை. 8 மீட்டருக்குக் குறைந்த படகு ஓடும்போது மிதவை அங்கி போட்டே ஆகவேண்டும் என்பது மட்டும் சட்டம். போவது நானும் மச்சானும். மூன்றாவது ஆளுக்கு இடம் இருக்கிறது, ஆனால் மூன்றாவது ஆளும் ஒரு ஹாலிபட்டும் சேர்ந்து இருக்க இடமில்லை.

இடம் க்வாலோயா தீவின் மேற்குப் பக்கம், நீரிணைகள் வெளிக்கடலுக்குத் திறக்கும் பகுதி. ஹாலிபட் என்றதும் நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்தை நினைத்துவிடக் கூடாது. குளிரில் அது முட்டையிட ஆழத்துக்குப் போகும். கோடையில் இரை தேடி மேலே ஏறிவந்து 15 மீட்டர், 30 மீட்டர் மணல் சரிவுகளில் படுத்திருக்கும், சில வேளை அதைவிடக் குறைந்த ஆழத்திலும். சின்னப் படகில் போகிறவனுக்கு இது பெரிய வசதி. வெளிக்கடலுக்குப் போகாமல், கரையைப் பார்த்தபடியே தேடலாம்.

முதலில் கையில் எடுத்தது இங்கே எல்லோரும் எடுக்கிற பில்க்தான். 300 கிராம் உலோக மீன், கீழே மூன்று கிளை முள். அடிவரை இறக்கி, ஒரு பாகம், ஏறத்தாழ ஆறடி, தூக்கி, விட வேண்டும். கொட் மீன் தாராளமாக வந்தது. வீட்டில் குழம்புக்குக் குறைவில்லை. ஹாலிபட்டும் ஒன்று வந்தது, 90 சென்டிமீட்டர் இருக்கும். படகின் ஓரம்வரை நல்ல பிள்ளையாக வந்தது. ஹாலிபட்டின் குணமே அதுதான். ஏதோ பலகையைத் தூக்குகிற மாதிரி மேலே வரும், வெளிச்சத்தைக் கண்டதும்தான் வேலையைக் காட்டும். மச்சான் குனிந்து நூலைப் பிடித்தார். மீன் ஒரு உதறு உதறியது. மூன்று கிளையில் ஒன்று மீனின் தாடையில், இன்னொன்று மச்சானின் மழை அங்கியின் கையில். சில நொடிகளுக்கு மீனும் மச்சானும் ஒரே முள்ளில் மாட்டி நின்றார்கள். அங்கி கிழிந்தது, மீன் போனது. துணி கிழிந்ததோடு முடிந்ததே என்று இருந்தது.

பெரிய படகில் மீனுக்கும் ஆளுக்கும் இடையே ஒரு உயரம் இருக்கிறது. எங்கள் படகில் தண்ணீர் மட்டம் முழங்கைக்குக் கீழே. மீனின் தலைக்கும் என் கைக்கும் இடையே உள்ள தூரம் ஒரு முழம். அதனால் முள்ளைத் தேர்ந்தெடுக்கும்போது ‘எது நன்றாகக் கடிக்கும்’ என்ற கேள்வியை இரண்டாவதாகத் தள்ளிவிட்டேன். மீன் படகோரம் வந்தபின் அந்த முள் எங்கே இருக்கும், எத்தனை முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் என்பதைத்தான் முதலில் பார்க்கிறேன். அன்றிரவே பெட்டியில் இருந்த எல்லா பில்க்கிலும் மூன்று கிளை முள்ளைக் கழற்றி, ஒற்றை முள் போட்டேன். கொட் மீன் வருவது கொஞ்சமும் குறையவில்லை.

அடுத்தது இரை. 10/0 அளவு சாதாரண ஜே முள் (ஆங்கில J எழுத்து வடிவம்), அதில் முழு ஹெரிங் மீன். கடி உடனே வந்தது, அதில் குறையில்லை. பிரச்சினை வேறு இடத்தில். ஹாலிபட்டுக்கு இங்கே குறைந்தபட்ச அளவு 84 சென்டிமீட்டர். அதற்குக் குறைந்ததைத் தண்ணீரில் விடவேண்டும். வந்தது ஏறத்தாழ 70. இரையை முழுவதும் விழுங்கியிருந்தது. முள் தொண்டைக்குள், கண்ணுக்கே தெரியவில்லை, செவுளில் இரத்தம். நீண்ட மூக்கு இடுக்கியால் தேடினால் இன்னும் கிழிக்கும் என்று நூலை வாயருகே வெட்டி விட்டோம். நீந்திப் போனது. பிழைத்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

மேல் எல்லையும் உண்டு. 2 மீட்டருக்கு மேற்பட்டதையும் விடவேண்டும். அவ்வளவு பெரிதாக வளர்பவை பெண் மீன்கள், முட்டையிடுபவை. அதோடு வயதான பெரிய மீனில் பாதரசமும் டையொக்சினும் கூடுதலாகச் சேர்ந்திருக்கும். ஆக சிறிதையும் விடவேண்டும், மிகப் பெரிதையும் விடவேண்டும். எது வரும் என்று முன்கூட்டியே தெரியாது. விடக்கூடிய நிலையில் மீனைக் கொண்டுவராத முள் இந்த மீனுக்குப் பொருந்தாத முள்.

அப்போதுதான் வட்ட முள்ளுக்கு வந்தேன். முனை நேராக மேல்நோக்கி நிற்காமல் தண்டைப் பார்த்து உள்ளே வளைந்திருக்கும். பார்த்தால் இது எதையாவது குத்துமா என்றே சந்தேகம் வரும். உண்மையில் அது தொண்டையைக் குத்தாமல் இருப்பதற்குத்தான் அப்படி வளைத்திருக்கிறார்கள். மீன் இரையை வாங்கிக்கொண்டு திரும்பிப் போகும், நூல் இறுகும், முள் தொண்டையிலிருந்து வழுக்கி வெளியே வரும், வாயின் மூலைக்கு வந்ததும் சுழன்று தாடையில் ஏறும். வடபசிபிக்கில் ஹாலிபட்டுக்கு நெடுந்தூண்டில் போடும் படகுகள் 1983 வாக்கில் ஜே முள்ளை விட்டு இதற்கு மாறின. பிடிபாடு ஏறத்தாழ இரண்டு மடங்கானது. தொழில்முறைப் படகுக்காரர்கள் சும்மா எதையும் மாற்ற மாட்டார்கள் என்பதால் எனக்கு அந்த ஒரு தகவலே போதுமாக இருந்தது.

அதே கரையோரத்தில் இரும்பு முள் வருவதற்கு வெகுகாலம் முன்பே த்லிங்கிட், ஹைடா பூர்வகுடி மக்கள் ஹாலிபட்டுக்கென்று ஒரு மர முள் வைத்திருந்தார்கள். இரண்டு மரத்துண்டுகளைக் கவைபோலச் சேர்த்து வேரால் கட்டி, உள்பக்கம் எலும்பு முனை, பின்னாளில் இரும்பு முனை. வெளிப்பக்கத் துண்டில் ஏதாவது ஒரு உருவம் செதுக்கியிருக்கும். இதில் எனக்குப் பிடித்தது அந்தக் கவையின் இடைவெளி. மிகச் சிறிய மீனின் வாய்க்குள் அந்த முள் போகாது. மிகப் பெரிய மீனின் தாடை அந்த இடைவெளிக்குள் நுழையாது. ஓடத்தில் ஏற்றக்கூடிய நடுத்தர மீன்தான் மாட்டும். மரத்தைக் குடைந்து செய்த ஓடத்தில் ஆள் உயரமான மீனோடு மல்லுக்கட்ட விரும்பாத ஒருவன் யோசித்துச் செய்தது அது. இங்கே வடக்கிலும் அல்தாவின் பாறைச் செதுக்கல்களில், பல ஆயிரம் ஆண்டு பழையவை, படகிலிருந்து ஒருவர் நூல் விட்டு ஹாலிபட் பிடிக்கிற காட்சி இருக்கிறது. என்ன முள் என்பதை மட்டும் செதுக்காமல் விட்டுவிட்டார்கள்.

சரி, வட்ட முள். கடையில் ‘பெரிய மீனுக்குப் பெரிய முள்’ என்றார்கள். 20/0 வாங்கினேன். அதில் முழுக் கானாங்கெளுத்தியை இரண்டு தரம் குத்தி ஏற்றினேன். தடி வளையும், நான் வெடுக்கென்று இழுப்பேன், ஒன்றும் இருக்காது. மேலே எடுத்தால் இரையில் பல் தடம் மட்டும். திரும்பத் திரும்ப இதே கதை. மீன் கள்ளத்தனம் செய்கிறது என்று மச்சான் தீர்ப்பு சொன்னார்.

எண்பதுகளின் கடைசியில் நோர்வேயின் வடகோடியில் உள்ள பின்மார்க்குக்கு வந்து மீன் தொழிற்சாலையில் நின்ற அண்ணை ஒருவர் எங்கள் வட்டத்தில் இருக்கிறார். ஊரில் தூண்டில் தொழில் செய்த குடும்பம். முள்ளைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு இரண்டே விஷயம் சொன்னார். “தம்பி, அது கௌவிறேல்லை, உறிஞ்சிறது. நீ இரையாலை முள்ளின்ரை வாயை அடைச்சு வைச்சிருக்கிறாய். பிறகு எப்பிடி ஏறும்?” இரண்டாவது, “நீ ஏன் வெட்டி இழுக்கிறாய்? முள் சுழல முதலே வாயாலை பறிச்சு எடுக்கிறாய்.”

இரண்டும் சரி. வட்ட முள்ளில் முனைக்கும் தண்டுக்கும் இடையே உள்ள வெளிதான் எல்லா வேலையையும் செய்கிறது. அதை மீன் சதையால் நிரப்பினால் முள் வெறும் இரும்பு வளையம். வெட்டி இழுப்பது ஜே முள்ளுக்கு உரிய பழக்கம். கைக்கு அது மறக்க நாளெடுக்கும்.

எண்களைப் பற்றியும் ஒன்று. ஜே முள்ளின் எண்ணும் வட்ட முள்ளின் எண்ணும் ஒரே அளவுகோலில் இல்லை. 16/0 என்று கேட்டதும் ராட்சத முள் என்று தோன்றும். அளந்து பார்த்தால் 16/0 வட்ட முள்ளின் அகலம் சுமார் 4.4 சென்டிமீட்டர். 9/0 ஜே முள் 4.1. கிட்டத்தட்ட ஒன்றுதான். 18/0 என்றால் ஏறத்தாழ 5. நிறுவனத்துக்கு நிறுவனம் கொஞ்சம் மாறும். பெட்டியில் இருக்கும் எண்ணை நம்பாமல் ஒரு அளவுகோலோடு கடைக்குப் போவது நல்லது. நான் 16/0-வில் நின்றேன். 84 முதல் 150 சென்டிமீட்டர் வரையான மீன்தான் எங்கள் படகுக்கு ஏற்றது. அந்த வாய்க்கு இந்த அளவு போதும். 

வாங்கும்போது துருப்பிடிக்காத எஃகு வேண்டாம் என்று வைத்துக்கொண்டேன். நூலை வெட்டி விட நேர்ந்தால் முள் உப்புத் தண்ணீரில் அரித்துப் போகட்டும். முனைக்குப் பின்னால் இருக்கும் சிறு எதிர்முள்ளை இடுக்கியால் நசுக்கிப் படுக்க வைத்தேன். வட்ட முள் ஒருமுறை ஏறிச் சுழன்றுவிட்டால் நூல் தளர்ந்தாலும் எளிதில் கழராது, எதிர்முள் இல்லாவிட்டால் நாங்கள் கழற்றுவது மட்டும் சுலபம்.

இப்போது இரை. ஹெரிங் பட்டை அல்லது ஸேய் மீனின் (கொட் இனத்து மீன்) வயிற்றுப் பட்டை, இரண்டு விரல் அகலம், ஒரு சாண் நீளம். தோல் பக்கமாக ஒரு முனையில் ஒரே ஒரு குத்து. மீதி தண்ணீரில் ஆடட்டும். ஹெரிங் சதை மென்மை, கொஞ்ச நேரத்தில் உரிந்துவிடும். முதல் நாள் இரவே கல்லுப்புப் போட்டுப் பெட்டியில் வைத்தால் தோல்போல இறுகிவிடுகிறது. கருவாடு போட்ட வீட்டில் வளர்ந்தவனுக்கு இது தோன்ற இவ்வளவு காலம் எடுத்திருக்கக் கூடாது. உயிருள்ள மீனை இரையாகக் குத்துவது இங்கே சட்டத்தில் தடை, அதனால் அந்தப் பேச்சே இல்லை.

முள்ளுக்கு மேலே இருக்கும் கட்டு இப்படி. ரீலில் 30 கிலோ தாங்கும் பின்னல் நூல். அதன் முனையில் சுழலி. சுழலிக்குக் கீழே 1.2 மில்லிமீட்டர் தடிப்புள்ள தங்கூசி (ஒற்றை இழை நைலோன் நூல்), ஒரு மீட்டருக்குச் சற்று மேல். இவ்வளவு தடிப்பு மீனின் பலத்துக்காக அல்ல, அதன் பல்லுக்காக. சின்னச் சின்னக் கூர்ப்பல், அரைமணி நேரம் அரத்தால் ராவுவது போல ராவும். 

இந்தத் தடிப்பில் முடிச்சு போட்டால் இறுகாது. பலமுறை எச்சில் தொட்டு இழுத்துப் பார்த்து, கையில் வரித்தடம் விழுந்ததுதான் மிச்சம். உலோகக் குழாய் போட்டு நசுக்கும் கிரிம்ப் முறைக்குப் போனேன். தங்கூசியைக் குழாய் வழியாக விட்டு, முள்ளின் காதில் கோத்து, திரும்பக் குழாய்க்குள் கொண்டுவந்து நசுக்க வேண்டும். முதலில் வீட்டில் கிடந்த சாதாரண இடுக்கியால் நசுக்கினேன். குழாய் தட்டையாகி நூலை வெட்டியது. அதற்கென்று இருக்கும் இடுக்கி நூல் இருக்கும் இரண்டு பக்கத்தையும் சமமாகப் பிடிக்கிறது. குழாயின் இரண்டு ஓரத்தையும் நசுக்காமல் விடவேண்டும், நடுவில் மட்டும் அழுத்த வேண்டும், இல்லாவிட்டால் ஓரமே கத்தியாகிவிடும். வெளியே நீட்டும் நூல் முனையை லைட்டரால் சுட்டு ஒரு சின்ன மொட்டாக்கினேன். வழுகி உள்ளே போகாது. முள்ளின் காதில் வளையம் கொஞ்சம் தளர்வாக இருக்கட்டும், முள் சுழல அது வேண்டும்.

சோதனைக்குப் பயணப் பெட்டி நிறுக்கும் கைத்தராசு. ஊருக்குப் போகிற எந்தத் தமிழ் வீட்டிலும் ஒன்று இருக்கும். முள்ளை ட்ரெய்லரின் கொக்கியில் மாட்டி, மறுமுனையைத் தராசில் கோத்து 40 கிலோவரை இழுத்தேன். சாதாரண இடுக்கியால் செய்த கட்டு 22-இல் வழுகியது. புதியது அசையவில்லை. அதே தராசால் ரீலின் பிரேக்கையும் வைத்தேன், 7 கிலோவில் நூல் கழரும்படி. கையால் இழுத்து ‘இவ்வளவு போதும்’ என்று வைத்த பிரேக்கை அளந்தால் 3 கிலோகூட இல்லை. வட்ட முள் ஏறுவதற்கு ஒரு சீரான இழுவை வேண்டும், அதனால் இந்த எண் முக்கியம்.

ஈயக் குண்டு 300 முதல் 400 கிராம். பின்னல் நூலில் வழுக்கி ஓடும் ஒரு பிளாஸ்டிக் குழாயில் தொங்குகிறது. குழாய்க்கும் குண்டுக்கும் இடையே வேண்டுமென்றே மெல்லிய நூல், 0.5 மில்லிமீட்டர். கல்லில் சிக்கினால் அந்த நூல் அறுந்து குண்டு மட்டும் போகும், முள்ளும் இரையும் திரும்பி வரும். ஈயத்துக்குப் பதில் பழைய சங்கிலித் துண்டுகளையும் கட்டிப் பார்த்தேன். வேலை செய்கிறது, ஆனால் நீரோட்டம் கூடினால் அடியில் நிற்பதில்லை.

இனி தண்ணீர் விஷயம். யாழ்ப்பாணத்தில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையே ஒரு மீட்டர்கூட இல்லை. இங்கே 2 மீட்டர், சில நாட்களில் 3-ஐத் தொடும். அவ்வளவு தண்ணீரும் ஒடுக்கமான நீரிணை வழியாகப் போய்வர வேண்டும். முழு ஓட்டத்தில் 400 கிராம் குண்டும் காற்றாடிபோலப் பறக்கும். தண்ணீர் நிற்கப் போகும் நேரத்துக்கு ஒரு மணி முன்னிருந்து, திரும்ப ஓடத் தொடங்கி ஒரு மணிவரை, அதுதான் எங்கள் நேரம். ஹாலிபட்டும் அந்த நேரத்தில்தான் எழும்பி அலைகிறது என்பது என் எண்ணம். ஓட்டம் கடுமையாக இருந்தபோது எங்களுக்குக் கடி கிடைத்ததில்லை.

நங்கூரம் போட்டு நின்று இரையின் வாசனையை ஓட்டத்தில் அனுப்புவது அலாஸ்காப் பக்கத்து முறை. அங்கே அது நன்றாக வேலை செய்கிறது. நான் செய்யவில்லை. சின்னப் படகு, ஓடும் தண்ணீர், ஒரு நங்கூரம், அதற்கு மேல் ஒரு பெரிய மீன், எல்லாம் ஒரே நேரத்தில் என்றால் எனக்குப் பயம். எங்கள் முறை எஞ்சினை நிறுத்திவிட்டுப் படகை ஓட்டத்தோடு மிதக்க விடுவது. காற்று இருந்தால் படகு மிக வேகமாகப் போகும். 1.5 நொட் (மணிக்கு ஏறத்தாழ 2.8 கிலோமீட்டர்) வேகத்தில் இரை தரையில் இழுபட்டு ஓடியது. படகின் முன்பக்கத்தில் ஒரு துணிப் பாராசூட்டைக் கட்டித் தண்ணீரில் விட்டதும் 0.7-க்கு வந்தது. இந்தக் கோடையில் வாங்கிய பொருட்களில் மிக உருப்படியானது இதுதான் என்று சொல்வேன். முள்ளைவிட என்றுகூடச் சொல்லலாம், ஆனால் தலைப்பு முள்ளைப் பற்றியது.

இரையைத் தரையில் கிடக்க விடுவதில்லை. நண்டும் நட்சத்திர மீனும் அரித்துவிடும். குண்டு தரையைத் தட்டியதும் ரீலை இரண்டு சுற்று, ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் உயரம். ஹாலிபட்டின் இரண்டு கண்ணும் மேல் பக்கத்தில்தானே. மணலில் படுத்தபடி அது பார்ப்பது தலைக்கு மேலே போவதைத்தான். சரிவு ஏறுகிறதா இறங்குகிறதா என்று ஆழம் காட்டும் எக்கோ சவுண்டரைப் பார்த்து ஒருவர் சொல்லிக்கொண்டே இருக்க, மற்றவர் நூலைக் கூட்டிக் குறைக்க வேண்டும்.

தடியைக் கையில் வைத்திருந்தால் நான் வெட்டி இழுத்தே தீருவேன் என்று தெரிந்துவிட்டதால், தடியை அதன் தாங்கியில் வைத்துவிட்டு இரண்டு கையையும் கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். இது கேலி இல்லை, அதுதான் முறை. நுனி இரண்டு தரம் தட்டும், நிற்கும், மறுபடி தட்டும். பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பிறகு தடி மெதுவாக வளைந்து தாங்கியோடு சாயும், ரீல் முனகும். அப்போது எடுத்து, வெட்டாமல், சீராகச் சுற்ற வேண்டும். வட்ட முள்ளுக்கு என்னைவிடத் தாங்கி நல்ல மீனவன்.

இதில் ஒரு ஆபத்து இருக்கிறது. தாங்கியில் தடி, பிரேக் இறுக்கம், முள் பாறையில் சிக்கிவிட்டது, படகோ ஓட்டத்தில் போய்க்கொண்டிருக்கிறது என்றால் சின்னப் படகின் ஓரம் தண்ணீரை நோக்கி இழுபடும். 7 கிலோவுக்கு மேல் பிரேக்கை ஏற்றாததற்கு இன்னொரு காரணம் அது. தாங்கியின் பக்கத்திலேயே ஒரு கத்தி, கயிற்றில் கட்டி.

மீனைப் படகில் ஏற்றுவது தனி வேலை. கோடையின் நடுவில் 85 சென்டிமீட்டர் மீன் ஒன்றைக் கொக்கித்தடியால் கொளுவி, உயிரோடு அப்படியே உள்ளே போட்டோம். பெட்டி கவிழ்ந்தது, எரிபொருள் குழாயின் இணைப்பு உடைந்தது, மச்சான் இருக்கைக்கு மேல் ஏறி நின்றார். ஏழு கிலோ மீன் செய்த வேலை அது. பக்கத்து வீட்டு நோர்வே முதியவர் உடைந்த குழாயைப் பார்த்துச் சிரித்துவிட்டு, மீனின் தலையைத் தண்ணீருக்கு மேலே தூக்காதே, அது தண்ணீரில் படுத்திருக்கும்வரை தான் பிடிபட்டதை அறியாது என்றார். அதன் பிறகு அவர் சொன்னபடிதான்.

சனிக்கிழமை மீன் வந்தபோது ஆழம் 24 மீட்டர், தண்ணீர் நின்று திரும்பிய சற்று நேரம். தடி சாய்ந்தது. நான் சுற்றினேன். இரண்டு முறை அடிவரை ஓடியது, பிரேக் அதுபாட்டில் நூலை விட்டது. மேலே வந்ததும் படகின் பக்கத்தில் ஒரு மேசை விரித்த மாதிரிப் படுத்திருந்தது. முள் வலது வாய் மூலையில், தண்டு முழுவதும் வெளியே தெரிந்தது. நான் தலையைத் தூக்காமல் நூலை இறுக்கமாக மட்டும் வைத்திருந்தேன். நீளத்தை மச்சான் படகின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் அளவு நாடாவால் பார்த்தார். 84-க்கு மேல், 2 மீட்டருக்குக் கீழ், எங்களுக்கு ஏற்ற அளவு. கீழ்த்தாடையில் கொக்கித்தடி. செவுள் வழியாக விட்டு வாயால் எடுத்த கயிற்றைப் படகின் நடுப்பகுதிக் கட்டையில் கட்டினோம். ஒரு பக்கச் செவுளை வெட்டி, தண்ணீரிலேயே இருபது நிமிடம் விட்டோம். இரத்தம் முழுவதும் போனால்தான் சதை வெள்ளையாக இருக்கும், மீனும் அடங்கும். பிறகு வாலில் ஒரு சுருக்குக் கயிறு. தலைக்கயிறை நான், வால் கயிறை மச்சான், ஒரே நேரத்தில் இழுத்து உள்ளே உருட்டினோம். உள்ளே வந்ததும் தலையையும் வாலையும் ஒரே கயிற்றில் வில்போல வளைத்துக் கட்டினோம். செத்த மீன் என்று நினைத்த ஹாலிபட் அரைமணி கழித்து அடிக்கும். வளைத்துக் கட்டினால் அடிக்க முடியாது.

ஒன்றரை மீட்டருக்கு மேல் வந்தால் இந்த முறை போதாது. அதற்கு ஈட்டி வைத்திருக்கிறேன், இன்னும் பயன்படுத்தவில்லை. ஈட்டியின் தலை கழன்று மீனில் நிற்கும். அதில் 8 மில்லிமீட்டர் கயிறு, கயிற்றின் மறுமுனையில் மிதவைப் பந்து. படகில் கட்டக் கூடாது. ஐம்பது கிலோ மீன் ஒரு பக்கக் கட்டையை இழுத்தால் 15 அடிப் படகு என்ன ஆகும் என்று பார்க்க எனக்கு ஆசையில்லை. மிதவையோடு மல்லுக்கட்டி அதுவே களைக்கட்டும்.

செலவு: பத்து வட்ட முள் 250 குரோன், தங்கூசிச் சுருள் 200, கிரிம்ப் குழாய்கள் 80, இடுக்கி 350, பாராசூட் 450, ஈட்டித் தலை 400, அதற்குத் தடி பழைய தும்புத்தடிப் பிடி. குண்டுகளோடு சேர்த்து 2000 குரோனுக்குள் முடிந்தது. கல்லில் விட்ட பில்க்குகளின் கணக்கை வீட்டில் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

20 கிலோவில் நான்கு பெரிய சதைத் துண்டுகள் கிடைத்தன. கன்னச் சதை தனியாக, அது மச்சானுக்கு. பொரித்தால் எருமை நாக்கு மீனின் ருசிக்குக் கிட்ட வருகிறது, அதைவிடக் கொஞ்சம் வறட்சி, அதனால் அடுப்பில் அதிகம் விடக் கூடாது. தலையும் முள்ளும் ஒடியல் கூழுக்குப் போயின. அண்ணைக்கு ஒரு சட்டி அனுப்பினோம்.

அடுத்த முறைக்கு மாற்ற வேண்டியவை சில. நான் வாங்கிய முள்ளின் முனை தண்டின் தளத்திலிருந்து ஒரு பக்கமாகக் கொஞ்சம் விலகி இருக்கிறது. மேசையில் வைத்தால் தட்டையாகக் கிடக்காது. அப்படி விலகியது தொண்டையில் மாட்ட வாய்ப்புக் கூடுதல் என்பதால், அடுத்த பெட்டி தட்டையான முள்ளாகத்தான் இருக்கும். தங்கூசியை 80 சென்டிமீட்டராகக் குறைப்பேன், இப்போதைய நீளம் இறக்கும்போது பின்னல் நூலோடு சுற்றுகிறது. இரைக்குப் பதிலாகப் போடும் ரப்பர் மீன்களுக்கு மட்டும் ஒற்றை ஜே முள்ளே தொடரும். ரப்பரை மீன் வாயில் வைத்திருக்காது, உடனே துப்பிவிடும், வட்ட முள் சுழல நேரம் கிடையாது, அங்கே வெட்டி இழுத்தே ஆகவேண்டும். கழற்றி எடுத்த மூன்று கிளை முள்கள் ஒரு டப்பாவில் இருக்கின்றன, வேண்டுமானவர்கள் கேட்டால் தருவேன், பெரிய படகு வைத்திருப்பவர்களுக்கு மட்டும்.